பாஸ்போர்ட்டின் அடிவரிகள் பிறந்த கதை

பாஸ்போர்ட்டில் நம் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் இருக்கும். எழுத்தும் எண்ணும் அம்புமுனைக் குறியும் கலந்து, வரிக்கு 44 இடங்கள். நாம் அதைப் படிப்பதே இல்லை. இமிகிரேஷன் கவுண்டரில் இருக்கும் இயந்திரம் முதலில் படிப்பதே அதைத்தான். மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து போகுமுன் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையானாலும் சரி, முத்திரைக்குப் பதிலாக ஷெங்கன் நாடுகள் 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கிய முகப்பட, கைரேகைப் பதிவானாலும் சரி, எல்லாவற்றுக்கும் அடித்தளம் இந்த வரிகள்தான். வெளிநாட்டுப் பயணத்துக்குத் தயாராகிறவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

இன்றைய பாஸ்போர்ட்டின் வடிவம் 1920 அக்டோபரில் பாரிஸில் உருவானது. முதல் உலகப்போருக்குப் பின் சர்வதேச சங்கம் கூட்டிய மாநாடு அது. 32 பக்கம், 15.5க்கு 10.5 சென்டிமீட்டர், குறைந்தது இரண்டு மொழி, அதில் ஒன்று பிரெஞ்சு என்று அங்கே வகுத்தார்கள். அதிகாரி கையில் வாங்கி, கண்ணால் படித்து, முத்திரை குத்துவதற்கான புத்தகம் அது.

ஜெட் விமானம் வந்த பிறகு இந்த முறை திணறியது. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் இறங்கி நின்றால், ஒவ்வொரு பெயரையும் பார்த்துத் தட்டச்சு செய்ய எத்தனை அதிகாரிகள் வேண்டும்? சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. 1968இல் இதற்கென ஒரு குழு அமைத்தது. குழுவின் பரிந்துரை 1980இல் வெளிவந்தது. அதுதான் 9303 என்ற எண்ணுள்ள ஆவணம். ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா மூன்றும் முதலில் அதைப் பின்பற்றின.

வரிகளின் எழுத்துரு ஓ.சி.ஆர்-பி. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அட்ரியன் ஃப்ரூட்டிகர் 1968இல் வடிவமைத்தது. இயந்திரம் குழம்பாமல் படிக்க வேண்டும், மனிதக் கண்ணுக்கும் உறுத்தக் கூடாது; இரண்டையும் அவர் சாதித்தார். பாரிஸ் சார்ல் து கோல் விமான நிலையத்தின் வழிகாட்டிப் பலகைகளுக்கு எழுத்து அமைத்தவரும் அவரே.

இரண்டாவது வரியில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தனி இலக்கம் நிற்கும். அதுதான் காவல்காரன். 1985 மார்ச் 17 பிறந்த தேதி என்றால் வரியில் 850317 என்று வரும். இந்த இலக்கங்களை வரிசையாக 7, 3, 1, மறுபடி 7, 3, 1 என்று பெருக்கினால் 56, 15, 0, 21, 3, 7. கூட்டினால் 102. கடைசி இலக்கமான 2தான் தேதிக்குப் பின்னால் அச்சாகும். இயந்திரம் ஓர் இலக்கத்தைத் தப்பாகப் படித்தால் கணக்கு இடிக்கும், உடனே தெரிந்துவிடும். கணினிகள் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் போட்ட இந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

முதல் வரிதான் நமக்குச் சிக்கலான இடம். அதில் ரோமன் எழுத்துக்கும் அம்புமுனைக் குறிக்கும் மட்டுமே இடம். இனிஷியலுக்குப் பின் நாம் வைக்கும் புள்ளிக்குக்கூட இடமில்லை. பெயரின் ஒரு பகுதி, இரண்டு அம்புமுனை, பிறகு மறு பகுதி என்பது அமைப்பு. குடும்பப் பெயர் உள்ளவர்களுக்கு இது இயல்பாகப் பொருந்தும். அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு வாழும் நமக்கு? ஒருவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுகிறார், இன்னொருவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறார். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு மாதிரி, தங்கைக்கு ஒரு மாதிரி.

9303 ஆவணம் ஒற்றைப் பெயரை மறுக்கவே இல்லை. ஒரே பெயர்தான் என்றால் அதை முதல் இடத்தில் எழுது, மீதியை அம்புமுனையால் நிரப்பு என்கிறது. அதன் மேல் கட்டப்பட்ட டிக்கெட் முறைகளும் விண்ணப்பப் படிவங்களும்தான் இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லி அடம்பிடிக்கின்றன. அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியாது என்பதற்கான எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்து பெயராகவே ஏறிவிடுகிறது. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அமீரகத்தில் அனுமதியில்லை என்று விமான நிறுவனங்கள் அறிவித்தபோது கலங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல. பின்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்ற விளக்கம் சில நாள் கழித்தே வந்தது. பெயர் வைக்கும் முறை வேறு என்பதற்காக ஒருவரை வாசலில் நிறுத்துவது அநியாயம்.

2015 நவம்பர் 24க்குப் பின் இந்த வரிகள் இல்லாத பாஸ்போர்ட் புழக்கத்தில் இருக்கக் கூடாது என்று ஐ.சி.ஏ.ஓ. கெடு வைத்தது. கையால் எழுதிய பழைய பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் நம் ஊரிலும், தேதி மீதமிருந்தும், புதிதாக எடுக்க வேண்டியதாயிற்று. பாஸ்போர்ட்டுக்குள் சிப் வந்த பிறகும் வரிகள் ஓய்வு பெறவில்லை. பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி மூன்றையும் இரண்டாவது வரியிலிருந்து எடுத்து, அதையே சாவியாக வைத்துத்தான் இயந்திரம் சிப்பைத் திறக்கிறது.

ஆகவே டிக்கெட்டுக்குப் பணம் கட்டுமுன் முதல் வரியைப் பாருங்கள். பெயர் எந்த வரிசையில் பிரிந்திருக்கிறதோ, அதே வரிசையில் டிக்கெட்டிலும் விசாவிலும் வருகை அட்டையிலும் வரட்டும். ஏஜென்ட் நிரப்பினாலும் நீங்கள் ஒருமுறை ஒத்துப் பாருங்கள். நம் பாஸ்போர்ட் எண்ணில் எட்டு இடம்தான். அடிவரியில் அதன் பின்னால் வரும் அம்புமுனையையும் காவல் இலக்கத்தையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள். பெயரைப் பிரித்து எழுத விரும்பினால் பாஸ்போர்ட்டை மறுபடி எடுக்க வேண்டும், எண் மாறும். அதனால் அதைப் பயணத் தேதி முடிவாகுமுன்பே செய்துவிடுங்கள். பழைய எண்ணில் இணையவழிப் பயண அனுமதி வாங்கியிருந்தால், புது எண்ணுக்குத் திரும்ப விண்ணப்பிக்க வேண்டிவரும்.