வெள்ளித்திரைக்கு முன்னர்: தூரதர்ஷன் வளர்த்த ஷாருக் கான்

ஷாருக் கான் என்றதும் நம்மவர்களுக்கு நினைவில் எழுவது கைகளை அகல விரித்து நிற்கும் காதல் நாயகனின் தோற்றமே. அந்தத் தோற்றம் உருவாகுவதற்கு முன்னர், கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் இன்னமும் மிகுந்திருந்த வட இந்திய வீடுகளின் வரவேற்பறையில் அவர் அறிமுகமானார் என்பதை இன்றைய தலைமுறையினரில் பலர் அறியார். பம்பாயின் திரைக் குடும்பங்கள் எதிலும் பிறவாத ஓர் இளைஞன் அங்கு நுழைவதற்கு ஒரு வாசல் தேவைப்பட்டது. 1980களின் பிற்பகுதியில் அவ்வாசலைத் திறந்துவிட்டது ஓர் அரச நிறுவனம்.

1965 நவம்பர் 2ஆம் திகதி புதுடில்லியில் அவர் பிறந்தார். தந்தையார் மீர் தாஜ் முகம்மது கான் பெஷாவரைச் சேர்ந்தவர். எல்லைக் காந்தி எனப்பட்ட கான் அப்துல் கபார் கானின் வழியில் நின்று சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவர். பிரிவினையின் பின்னர் அவரது பெஷாவர் வேறொரு நாட்டின் நகராகியது. திலீப்குமாரும் ராஜ் கபூரும் பிறந்த ஊரும் அதுவே. எனினும் அவர்களின் குடும்பங்கள் பம்பாய்க்குச் சென்றன. இவரோ டில்லியில் தங்கி, பல தொழில்களில் கைவைத்து, எதிலும் பெரிதாக முன்னேறாமல் வாழ்ந்தார். தேசிய நாடகப் பள்ளியில் அவர் உணவகம் நடத்திய காலத்தில் அங்கு சென்று ஒத்திகைகளைப் பார்த்ததாக மகன் பல தடவைகள் கூறியிருக்கிறார். அரசியலுக்கு இளமையைக் கொடுத்து, அதற்கு ஈடாக எதையும் பெறாமல் போன இத்தகைய மனிதர்களை எமது ஊர்களிலும் கண்டிருக்கிறோம்.

1981இல் புற்றுநோய் தந்தையாரைக் கொண்டுசென்றபோது மகனுக்கு வயது 15. குடும்பத்தின் பொறுப்பு முழுவதும் தாயார் லத்தீப் பாத்திமாவின் தோள்களில் விழுந்தது. புனித கொலம்பா பாடசாலையில் படிப்பிலும் விளையாட்டிலும் ஒருசேரச் சிறந்து விளங்கிய மகன், அப்பாடசாலையின் உயர் விருதான கௌரவ வாளைப் பெற்றார். ஹொக்கியும் உதைபந்தாட்டமும் அவரது முதற் காதல்கள். தோளில் ஏற்பட்ட காயம் அந்த வழியை அடைத்தது. ஹன்ஸ்ராஜ் கல்லூரியில் 1985 முதல் 1988 வரை பொருளியல் படித்தார். ஆயினும் அவரது நேரத்தை விழுங்கியது, பிரித்தானியாவில் பிறந்து டில்லியில் குடியேறிய நாடக நெறியாளர் பாரி ஜோனின் நாடகக் குழு. பின்னாளில் பெரும் நடிகராகிய மனோஜ் பாஜ்பாயும் அங்கேதான் பயின்றார். ஜாமியா மில்லியாவில் தொடங்கிய வெகுசனத் தொடர்பாடல் முதுநிலைக் கல்வியை ஷாருக் இடைநடுவில் கைவிட்டார்; நடிப்பு அவரை இழுத்துக்கொண்டது.

இந்த இடத்தில் தூரதர்ஷனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1959இல் டில்லியில் தொடங்கிய இந்தியத் தொலைக்காட்சி, 1982இல்தான் வண்ணத்தையும் தேசிய ஒளிபரப்பையும் கண்டது. 1984இல் 'ஹம் லோக்' தொடரும் 1987இல் 'ராமாயண்' தொடரும் வந்து தெருக்களை வெறுமையாக்கின. ஒரே அலைவரிசை, அதுவும் அரசாங்கத்தினுடையது. செய்தியில் அது ஆட்சியாளரின் ஊதுகுழல் என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் தொடர் நாடகங்களை வெளியார் தயாரிக்கலாம், விளம்பரதாரர் செலவை ஏற்கலாம் என்ற ஏற்பாட்டினால், பம்பாய் வர்த்தகப் படவுலகில் இடம் கிடைக்காத நெறியாளர்கள் பலர் அங்கு புகலிடம் பெற்றனர். அவர்களுக்கு முகவரி பெற்ற நட்சத்திரங்கள் தேவைப்படவில்லை. நடிக்கத் தெரிந்த புதுமுகங்கள் போதுமாயிருந்தனர்.

அவ்வாறு ஷாருக்கைத் தேர்ந்தவர்களில் ஒருவர் லேக் டாண்டன். வைஜயந்திமாலா நடித்த 'ஆம்ரபாலி' படத்தின் நெறியாளர் என்றால் தமிழ் வாசகர்களுக்குப் புரியும். அவரது 'தில் தரியா' தொடரின் படப்பிடிப்பு 1988இல் ஆரம்பமாகியும் தாமதப்பட்டது. அதனால் முந்திக்கொண்டது, ஓய்வுபெற்ற இராணுவக் கேணல் ராஜ்குமார் கபூர் இயக்கிய 'ஃபௌஜி'. 1989இல் ஒளிபரப்பான அத்தொடர், கொமாண்டோப் பயிற்சிக்கு வரும் இளைஞர்களின் கதை. அபிமன்யு ராய் என்ற பாத்திரத்தில், கட்டுக்கடங்காத தலைமுடியுடனும் துள்ளும் பேச்சுடனும் தோன்றிய அந்த இளைஞனை வட இந்தியா உடனே தன் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டது.

எமக்கோ இதில் ஒரு நெருடல் உண்டு. 'ஃபௌஜி' என்றால் படைவீரன். அதே 1989இல் இந்திய அமைதி காக்கும் படை எமது வடக்கு கிழக்கில் நிலைகொண்டிருந்தது. 1987 யூலையில் வந்த அப்படை 1990 மார்ச் 24இல்தான் வெளியேறியது. டில்லி வீடுகளில் குறும்பும் நட்பும் நிறைந்த ஃபௌஜியைப் பார்த்துச் சிரித்தார்கள். எமது சந்திகளில் நின்ற ஃபௌஜியைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி, தலைகுனிந்து உருட்டிச் சென்றோம். அந்தப் படையிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கு மடிந்தனர். அவர்களிலும் அபிமன்யுவின் வயதினர் இருந்திருப்பர். நடிகரின் பிழை இதில் எதுவுமில்லை. எனினும் அத்தொடரை நான் இன்றுவரை முழுமையாக இரசித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்து வந்த 'சர்க்கஸ்' என் மதிப்பில் மேலானது. அஸீஸ் மிர்சாவும் குந்தன் ஷாவும் இயக்கிய அத்தொடரில் சர்க்கஸ் உரிமையாளரின் மகனாக நடித்தார். அருந்ததி ரோய் எழுதி, பிரதீப் கிருஷன் இயக்கிய தொலைக்காட்சிப் படமொன்றில் சிறு வேடம் ஏற்றார். மணி கௌல், தஸ்தயெவ்ஸ்கியின் 'அசடன்' நாவலைத் தழுவி எடுத்த தொடரில், பொறாமையால் எரியும் ரொகோஜினின் பாத்திரம் அவருடையது. 1993இல் 'பாஸிகர்', 'டர்' படங்களில் அவர் காட்டிய வெறிகொண்ட காதலனின் விதை அங்கே கிடக்கிறது என்பது என் எண்ணம்.

தொலைக்காட்சியே போதும், சினிமா வேண்டாம் என்ற தயக்கம் அவரிடம் நெடுநாள் இருந்தது. 1991இல் நீரிழிவின் தாக்கத்தால் தாயார் காலமானார். அத்துயரிலிருந்து தப்பும் வழியாகவே பம்பாய் சென்று திரைப்படங்களை ஏற்றதாகப் பின்னர் கூறினார். ஒன்றன்பின் ஒன்றாக நான்கு படங்களில் ஒப்பந்தமானார். முதலில் வாய்ப்பளித்தவர் ஹேமமாலினி. ஆனால் 1992 யூன் 25ஆம் திகதி முந்தி வெளியானது 'தீவானா'. ரிஷி கபூரும் திவ்யா பாரதியும் நடித்த அப்படத்தில், கதை பாதியைக் கடந்த பின்னரே மோட்டார் சைக்கிளில் வந்து சேர்கிறார் ஷாருக். அதைக் காணத் தாயார் இருக்கவில்லை.