வடசென்னையில் தொலைநிலைப் பட்டப்படிப்பு: அஞ்சல்வழியிலிருந்து இணையவழி வரை

தொலைநிலைப் பட்டப்படிப்பு என்பது கல்லூரி வகுப்பறைக்கு நாள்தோறும் செல்லாமல் பல்கலைக்கழகப் பட்டம் பெறும் முறை. அஞ்சல்வழிக் கல்வி, திறந்தநிலைக் கல்வி, இணையவழிக் கல்வி ஆகியவை இதன் அடுத்தடுத்த வடிவங்கள். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய வடசென்னைத் துறைமுகத் தொழிற்பகுதியில், வேலையில் இருந்தபடியே படிக்க விரும்பியவர்களுக்கு இம்முறை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வழியாக இருந்துவருகிறது. பாடம் வந்துசேரும் வழி காலத்துக்குக் காலம் மாறியுள்ளது. படிப்பவர் கேட்கும் முதல் கேள்வி மட்டும் மாறவில்லை: இந்தப் பட்டம் செல்லுமா?

பின்னணி

1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தொடர்வண்டியே தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில். துறைமுகமும் இரயிலும் அருகருகே இருந்ததால் கிடங்குகளும் ஆலைகளும் வடக்கு நோக்கிப் பரவின. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி ஆலை எழுந்தது. வேலை இல்லாமற்போன பின்னும் விம்கோ நகர் என்ற பெயர் நிலைத்திருக்கிறது. 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை அமைத்து, 1955-இல் அசோக் லேலண்டு ஆனது. அதே 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை வந்தது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் எண்ணூர் அனல்மின் நிலையமும் 1970-ஐ ஒட்டி இயங்கத் தொடங்கின.

கல்லூரிகள் இந்த வேகத்தில் வரவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி 1950-இலும், பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி 1964-இலும் தொடங்கின. வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி உள்ளது. இவை நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு முதல் பட்டதாரியைத் தந்தவை. ஆயினும் இவை பெரும்பாலும் பகலில் இயங்கின. ஆலைத் தொழிலாளியின் வாரமோ முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று சுழன்றது. விடியற்காலையில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலத்துக்கு நிற்பவருக்கும், பள்ளி முடித்தவுடன் வேலைக்குச் சேர்ந்துவிட்டவருக்கும் பகல் கல்லூரி எட்டாததாகவே இருந்தது.

அஞ்சலில் வந்த பாடம்

வகுப்புக்கு வராதவருக்கும் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் வழக்கத்தை இலண்டன் பல்கலைக்கழகம் 1858-இல் தொடங்கியது. இலங்கையில் 1921-இல் தொடங்கப்பட்ட கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, மாணவர்களை இந்த இலண்டன் வெளிவாரிப் பட்டத் தேர்வுகளுக்கே ஆயத்தம் செய்தது. யாழ்ப்பாணத்துத் தமிழர் பலர் இவ்வழியில் பட்டம் பெற்றனர்.

இந்தியாவில் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பை முதலில் தொடங்கியது தில்லிப் பல்கலைக்கழகம் (1962). 1964–66 காலத்தில் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, உயர்கல்வி மாணவருள் மூன்றில் ஒரு பங்கினராவது அஞ்சல்வழியிலும் மாலைக் கல்லூரியிலும் படிக்க ஏற்பாடு வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும் இப்படிப்பைத் தொடங்கின. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனம் 1981-இல் தொடங்கப்பட்டது. வடசென்னைக்காரர்களுக்குச் சேப்பாக்கம் பேருந்து எட்டும் தொலைவுதான் என்பதால் இது முக்கியமான வாய்ப்பாயிற்று.

மக்கள் வழக்கில் இது ‘கரஸ்’ ஆனது. பாடப் புத்தகங்கள் அஞ்சலில் கட்டாக வரும். விடுமுறை நாள்களில் ‘கான்டாக்ட் கிளாஸ்’ நடக்கும். தேர்வுக்கு விடுப்பு எடுப்பதும், ஷிப்டை மாற்றிக்கொள்வதும், தவறிய தாளை ‘அரியர்’ வைத்து அடுத்த முறை எழுதுவதும் இதன் பகுதிகள். கேட்டுத் தெளிய ஆசிரியர் அருகில் இல்லாததால், சேர்ந்தபின் இடையில் விட்டவர்களும் பலர்.

இப்பட்டத்தின் பயன் பதவி உயர்வில் தெளிவாகத் தெரிந்தது. பத்தாம் வகுப்புத் தகுதியில் எழுதும் குரூப் 4 தேர்வில் வென்று இளநிலை உதவியாளர் ஆனவர், பட்டம் பெற்றால் குரூப் 2 தேர்வை எழுதலாம். பட்டமும் பி.எட். பட்டமும் பெற்ற இடைநிலை ஆசிரியர்கள் பட்டதாரி ஆசிரியர் பதவி உயர்வுக்குத் தகுதி பெற்றுவந்தனர். கூடுதல் கல்வித் தகுதிக்கு அரசு வழங்கிவந்த ஊக்க ஊதிய உயர்வும் பலரைப் படிக்கத் தூண்டியது. 2020 மார்ச்சில் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது.

திறந்தநிலைக் கல்வியும் 2009 தீர்ப்பும்

பிரிட்டனில் 1969-இல் தொடங்கப்பட்ட திறந்தநிலைப் பல்கலைக்கழகம், முன்தகுதி கேட்காமல் மாணவரைச் சேர்த்தது. இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982-இல் ஐதராபாத்திலும், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) 1985-இல் புதுதில்லியிலும் தொடங்கப்பட்டன. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னையில் அமைந்தது.

பள்ளிப் படிப்பை முடிக்காதவரும் 21 வயது நிறைந்து நுழைவுத் தேர்வில் வென்றால் இளநிலைப் பட்டப்படிப்பில் சேரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985 விதிமுறைகள் இடமளித்தன. சில பல்கலைக்கழகங்கள் இதையும் தாண்டி, இளநிலைப் பட்டம் இல்லாதவரையே நேரடியாக முதுநிலையில் சேர்த்தன. எட்டாம் வகுப்போடு வேலைக்குப் போனவர்களுக்கு இது பெரிய கதவாகத் தெரிந்தது.

இந்த வழியில் பெற்ற முதுநிலைப் பட்டம் ஒன்று தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் பெற்ற முதுநிலைப் பட்டம் செல்லாது என 2009 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அதைத் தொடர்ந்து 2009 ஆகஸ்டு 18 நாளிட்ட அரசாணை எண் 107-ஐத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. பத்தாம் வகுப்பு, மேல்நிலை இரண்டாம் ஆண்டு, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் படித்துப் பெற்ற திறந்தநிலைப் பட்டமே அரசுப் பணி நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படும் என்று அது வரையறுத்தது.

இந்த வரிசை தவறியவர்கள் தேர்வுகளை முறையாக எழுதித்தான் பட்டம் பெற்றிருந்தனர். பட்டம் கையில் இருந்தும் அரசுப் பணிக்கு அது உதவவில்லை. ‘பத்து, பன்னிரண்டு, அப்புறம் டிகிரி’ என்ற வரிசையைத் தமிழ்நாட்டில் இன்றும் முதலில் கேட்பதற்கு இதுவே காரணம்.

பொறியியல் பட்டங்களும் 2017 தீர்ப்பும்

தொழிற்சாலைப் பகுதியில் மற்றோர் ஆசை, ஐ.டி.ஐ. அல்லது பட்டயப் படிப்பு முடித்தவர் வேலையில் இருந்தபடியே பொறியாளர் ஆவது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில, நாட்டின் பல ஊர்களில் மையம் அமைத்து, அஞ்சல்வழியில் பொறியியல் பட்டம் வழங்கின. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் அதற்கு இல்லை. 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம், நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இவ்வாறு வழங்கிய பட்டங்கள் குறித்துத் தீர்ப்பளித்தது. 2001–05 காலத்தில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, அவர்கள் தனித் தேர்வு எழுதித் தேற வேண்டும் என ஆணையிடப்பட்டது. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் இரத்தாயின. பட்டத்தைக் காட்டிப் பதவி உயர்வு பெற்றிருந்தவர்களையும் இத்தீர்ப்பு பாதித்தது.

இணையவழிப் பட்டம்

ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் திட்டம், பாடங்களைக் காணொளியாக இலவசமாக வழங்கியது. 2017 ஜூலையில் மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளம் வந்தது. இவை தந்தவை சான்றிதழ்களே. முழுப் பட்டத்தையும் இணையவழியில் வழங்க 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறை வகுத்தது. கொரோனா காலத்தில் வகுப்பறைகள் மூடியிருந்தபோது, 2020 செப்டம்பரில், தொலைநிலை, இணையவழி ஆகிய இரண்டுக்கும் பொதுவான புதிய விதிமுறைகள் வெளியாயின.

2020 ஜூன் 30 அன்று சென்னை ஐ.ஐ.டி. நிரலாக்கமும் தரவு அறிவியலும் சார்ந்த இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது. இதற்கு ஜே.இ.இ. தேர்வு தேவையில்லை. சில வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் வென்றால் போதும். பாடம் இணையத்தில் நடந்தாலும் முக்கியத் தேர்வுகளை மையத்துக்குச் சென்றே எழுத வேண்டும். அடிப்படைச் சான்றிதழ், பட்டயம், பட்டம் என்று எந்த நிலையிலும் நிறுத்திக்கொள்ளும் வசதியும் உண்டு. வேலைப்பளுவால் முழுப் படிப்பையும் முடிக்க இயலாதவர், படித்த அளவுக்காவது சான்று பெற இது உதவுகிறது.

அடிக்கடி எழும் கேள்விகள்

இணையவழிப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையா?
ஏற்புப் பெற்ற நிறுவனங்கள் வழங்கும் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடி முறைப் பட்டங்களுக்கு இணையாகக் கருதப்படும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்தது. தமிழ்நாடு அரசுப் பணிக்கு மேலே கூறிய படிப்பு வரிசையும் பொருந்த வேண்டும்.

‘ஆன்லைன் கல்லூரி’ பட்டம் தருமா?
1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும், நாடாளுமன்றச் சட்டம் அதிகாரம் தந்த நிறுவனத்துக்கும் மட்டுமே உண்டு. செயலி நடத்தும் நிறுவனமோ தெருமுனைப் பயிற்சி மையமோ பட்டம் தர இயலாது. தொலைநிலை, இணையவழிப் படிப்புகளைப் பிற நிறுவனத்திடம் குத்தகைபோல ஒப்படைத்து நடத்துவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. 2022 ஜனவரியில் இது குறித்து மானியக் குழு பொதுமக்களை எச்சரித்தது.

பழைய, பெயர்பெற்ற பல்கலைக்கழகம் என்றால் போதுமா?
போதாது. ஏற்பு என்பது நிறுவனம், படிப்பு, முறை, கல்வியாண்டு ஆகிய நான்கையும் பொறுத்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014–15 கல்வியாண்டு வரையே ஏற்பு இருந்தது என்று மானியக் குழு 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிவிப்பு பலரைத் திடுக்கிடச் செய்தது. எனவே சேரும் ஆண்டுக்குரிய பட்டியலைத் தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் தளத்தில் பார்ப்பதே சரி. 2024 முதல் மாணவர் அத்தளத்தில் ‘டெப் ஐடி’ எனும் அடையாள எண்ணைத் தாமே உருவாக்கிக்கொண்ட பின்னரே சேர முடியும்.

எந்தப் படிப்புகளுக்கு அனுமதி இல்லை?
பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், மருந்தியல், கட்டடக் கலை, சட்டம் போன்றவற்றில் தொலைநிலையிலோ இணையவழியிலோ பட்டம் பெற முடியாது. முன்னர் அஞ்சல்வழியில் பலர் படித்த பி.ஜி.எல். பட்டமும் வழக்கறிஞராகப் பதிவுசெய்ய உதவாது.

ஒரே காலத்தில் இரு படிப்புகள் படிக்கலாமா?
2022 ஏப்ரலில் வந்த வழிகாட்டுதலின்படி படிக்கலாம். நேரடி முறையில் ஒன்று, இணையவழியில் ஒன்று என்றும் சேரலாம். அதற்கு முன்னர் ஒரே காலத்தில் பெற்ற இரு பட்டங்கள் பல இடங்களில் சிக்கலுக்கு உள்ளாயின.

‘ஸ்வயம்’ சான்றிதழ் பட்டமாகுமா?
ஆகாது. ஆனால் ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை இத்தளத்தில் படித்து, அதன் மதிப்பைத் தம் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகம் அனுமதிக்கலாம்.

இன்றைய நிலை

சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் சரக்குப் பெட்டக முனையம் வந்ததும், 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கியதும் இப்பகுதியின் வேலையை மாற்றின. மூட்டை சுமந்த இடத்தில் பெட்டகக் கணக்கும் சுங்க ஆவணமும் கணினிப் பதிவும் பெருகின. தந்தை உடலுழைப்பால் பெற்ற வேலைக்கு மகனிடம் பட்டம் கேட்கப்படுகிறது.

இணையவழிப் படிப்பு சேப்பாக்கத்துக்குச் செல்லும் அலைச்சலைக் குறைத்தது. புதிதாக வேறு தேவைகள் வந்தன. ஒற்றை அறை வீட்டில் நால்வர் இருக்கும் இடத்தில் படிக்க அமைதி வேண்டும். வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி யார் கையில் இருக்கிறது என்பதும் படிப்பைத் தீர்மானிக்கிறது. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட ‘முதல்வர் படைப்பகம்’ போன்ற பொதுப் படிப்பிடங்கள் இந்தத் தேவையிலிருந்து எழுந்தவை.

பாடப் புத்தகம் அஞ்சலில் வந்த நாளில் பல்கலைக்கழகத்தின் முகவரி உறையிலேயே இருந்தது. இன்று விளம்பரம் ஒரு பெயரிலும், கட்டணம் வேறொரு பெயரிலும், பட்டம் மற்றொரு பெயரிலும் வரக்கூடும். கட்டணம் கட்டும் முன் மூன்று பெயர்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும், அந்த ஆண்டின் ஏற்புப் பட்டியலை நகலெடுத்துச் சான்றிதழ்களோடு வைத்துக்கொள்வதும் மூன்றாண்டு உழைப்பைக் காக்கும் எளிய வழிகள்.