கேபிள் டிவியில் எத்தனையாவது நம்பர்?

ஒரு சேனல் தொடங்க என்ன வேண்டும்? செயற்கைக்கோளில் இடம், ஸ்டூடியோ, கேமரா, டெல்லியில் அனுமதி... இத்தனையும் கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கும். பார்ப்பவர் வீட்டு ரிமோட்டில் அந்தச் சேனல் எத்தனையாவதாக வரும்? தமிழ்நாட்டு கேபிள் டிவியின் வரலாற்றில் பாதி இந்த நம்பர் சண்டைதான்.

ராஜபாளையத்திலிருந்து தென்காசி ரோட்டில் தெற்கே போனால் சேத்தூர் வரும். மேற்கே மலை, சுற்றிலும் வயல். இந்த மாதிரி ஊர்களில் முதலில் இருந்தது மொட்டை மாடி ஆன்டெனாவும் தூர்தர்ஷனும்தான். ஒரே சேனல் என்றால் நம்பர் எதற்கு? 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. பின்னாலேயே ராஜ் டிவி, விஜய் டிவி. ஊருக்கு ஊர் ஒருவர் டிஷ் வைத்து, கம்பத்துக்குக் கம்பம் ஒயர் இழுத்து கேபிள் ஆபரேட்டர் ஆனார். எந்த சேனல் எங்கே வரும் என்பதை முடிவு செய்தவரும் அவர்தான். பிடிக்கவில்லை என்றால் தெருவில் அவரைப் பார்த்துக் கேட்டுவிடலாம்!

அந்த அனலாக் காலத்தில் நம்பர் என்பது வெறும் வரிசை இல்லை. படத்தின் தரமே அதில்தான் இருந்தது. ஒவ்வொரு சேனலையும் ஆபரேட்டர் ஒரு அலைவரிசையில் ஏற்றி ஒயரில் அனுப்புவார். அலைவரிசை உயர உயர, ஒயரில் போகும்போது சிக்னல் அதிகம் தேயும். நடுவில் ஆம்ப்ளிஃபயர் வைத்தாலும் கடைசித் தெரு வீட்டில் மேல் அலைவரிசை சேனல்கள் ஈ மொய்த்த மாதிரிதான் தெரியும். இது போதாதென்று, பழைய டிவி பெட்டிகளில் எட்டோ பன்னிரண்டோ பட்டன்தான். இடைப்பட்ட 'எஸ் பேண்ட்' அலைவரிசைகளை அவை பிடிக்கவே பிடிக்காது. ஆக 2-லிருந்து 12 வரை உள்ள இடங்களுக்கு 'பிரைம் பேண்ட்' என்று பெயர் வந்தது. அங்கே இடம் கிடைத்த சேனலை எல்லோரும் பார்ப்பார்கள். கிடைக்காதது, புது டிவி வாங்கியவர்களுக்கு மட்டும்.

இந்த இடத்தின் மதிப்பு அரசுக்கும் புரிந்தது. 1995-ல் வந்த கேபிள் டிவி சட்டத்தை 2000-ல் திருத்தியபோது, தூர்தர்ஷனின் இரண்டு சேனல்களையும் மாநில மொழிச் சேனல் ஒன்றையும் பிரைம் பேண்டில்தான் காட்ட வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். பொதிகைக்கு (2024 முதல் டிடி தமிழ்) நல்ல இடம் வந்தது சட்டத்தால். தனியார் சேனலுக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. காசு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆள் வேண்டும். 'கேரேஜ் ஃபீஸ்' என்ற பெயரில் சேனல்கள் பெரிய கேபிள் நிறுவனங்களுக்குப் பணம் கட்டுவது 2000-களில் சகஜமானது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்போது யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுத்த 'டாம்' நிறுவனத்தின் மீட்டர்கள் பெரும்பாலும் ஒரு லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் நகரங்களில்தான் இருந்தன. 2001 கணக்கெடுப்பில் ராஜபாளையம் லட்சத்தைத் தாண்டிய ஊர். சேத்தூர் அதன் பக்கத்தில்கூட வராது. சேத்தூரில் ஊரே உட்கார்ந்து ஒரு சின்ன சேனலைப் பார்த்தாலும் ரேட்டிங்கில் ஒரு புள்ளி ஏறாது. பணம் கொடுத்து இடம் பிடிப்பவர்கள் மீட்டர் இருக்கும் ஊரில்தான் செலவழிப்பார்கள். கிராமத்து வீடுகளைக் கணக்கில் சேர்த்த 'பார்க்' தரவு வெளிவந்தது 2015-ல்தான். அதுவரை இந்த ஊர்க்காரர்கள் சந்தா மட்டும் கட்டினார்கள்.

இதற்கிடையில் கட்சிகள் இறங்கிவிட்டன. சென்னையில் சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன் ராஜ்யம் நடத்திக்கொண்டிருந்தது. 2006 ஜனவரியில் ஜெயலலிதா அரசு, பெரிய கேபிள் நிறுவனங்களை அரசே எடுத்துக்கொள்ள சட்டசபையில் மசோதா நிறைவேற்றியது. ஒப்புதல் கிடைக்கவில்லை. மே மாதம் ஆட்சியும் மாறியது. புது திமுக அரசு அந்த செப்டம்பரிலேயே இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. டிவி இல்லாத வீடுகளுக்கும் பெட்டி வந்தது, கேபிளுக்கு ஆளும் கூடியது. 2007-ல் மாறன் சகோதரர்களோடு மனக்கசப்பு. செப்டம்பரில் கலைஞர் டிவி பிறந்தது, அக்டோபரில் அரசு கேபிள் டிவி கார்ப்பரேஷன். 2008 ஜூலையில் ஒளிபரப்பு தொடங்கியது, டிசம்பரில் குடும்பம் சமாதானமானது. அதோடு அரசு கேபிளும் தூங்கப் போய்விட்டது. அதை எழுப்பியவர் ஜெயலலிதா! 2011 செப்டம்பர் 2 முதல் மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள். தொடக்கத்தில் அதில் சன் டிவி இல்லை.

ஏழை வீடுகளுக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் நம்பரை முடிவு செய்யும் கை சேத்தூர் தெருவிலிருந்து கிளம்பி கோட்டை வரைக்கும் போய்விட்டது.

2017-ல் அரசு கேபிள் டிஜிட்டல் ஆனது. செட் டாப் பாக்ஸில் முதல் சேனலும் ஐந்நூறாவது சேனலும் ஒரே தெளிவு. அப்படியானால் சண்டை தீர்ந்ததா? இல்லை. பாக்ஸில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு எண், திரையில் ஒரு நிகழ்ச்சிப் பட்டியல். பெரும்பாலானவர்கள் மேல் பட்டன், கீழ் பட்டன் என்றுதான் நகர்வார்கள். செய்திச் சேனல் கூட்டத்துக்குள் இருந்தால் போகிற போக்கில் கண்ணில் படும். கூட்டத்துக்கு வெளியே தள்ளினால் மூன்று இலக்கத்தை நினைவில் வைத்து அழுத்துபவர் மட்டுமே பார்ப்பார். 2018 ஜூனில் கோவையில் புதிய தலைமுறை நடத்திய விவாத மேடை தகராறில் முடிந்து, சேனல் மீதே போலீஸ் வழக்குப் போட்டது. அதே நாட்களில் அரசு கேபிளில் 124-ல் இருந்த அந்தச் சேனல் 499-க்குப் போனது. எதிர்க்கட்சியாக இருந்த திமுக கண்டித்தது. ஒளிபரப்பைத் தடை செய்தால் கோர்ட்டுக்குப் போகலாம். நம்பரை மாற்றினால்? 'அதான் இருக்கே, 499-ல்!' என்று பதில் சொல்லிவிடலாம்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. 2017 மார்ச்சில் டிராய் எழுதியது: ஒரே வகைச் சேனல்கள் அடுத்தடுத்து வர வேண்டும், ஒரு சேனல் ஒரே இடத்தில்தான் வர வேண்டும், கொடுத்த எண்ணை ஒரு வருடத்துக்கு மாற்றக்கூடாது. ஆனால் அந்த விதிகள் மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கு. உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2018 அக்டோபர் 30-ல். அதற்குள் 499 நடந்து முடிந்துவிட்டது.

பணம் உள்ளவர்களுக்கு வேறு வழிகளும் இருந்தன. 2017 மே மாதம் ரிபப்ளிக் டிவி தொடங்கியபோது, அது பட்டியலில் பல இடங்களில் தெரிகிறது என்று மற்ற செய்திச் சேனல்கள் புகார் செய்தன. இன்னொன்று 'லேண்டிங் பேஜ்'. பாக்ஸை ஆன் செய்தவுடன் தானாக வரும் சேனல். அந்த இடத்தை விலைக்கு வாங்கினால் நம்பரே தேவையில்லை. டிராய் 2018 டிசம்பரில் இதைத் தடுக்கப் பார்த்தது, மறு வருடம் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஒரு எண்ணுக்கே முட்டி மோதும் சின்ன சேனல் இந்தப் போட்டியில் எங்கே நிற்கும்?

2025 செப்டம்பர் 27-ல் கரூர் நெரிசல். அடுத்த சில நாட்களில் புதிய தலைமுறை மறுபடி செய்தியானது. இந்த முறை அரசு கேபிள் பட்டியலிலேயே அது இல்லை என்று பத்திரிகையாளர் அமைப்புகள் கண்டித்தன. 2018-ல் ஆட்சியில் அதிமுக, 2025-ல் திமுக. 499 என்ற நம்பராவது அப்போது மிச்சம் இருந்தது.