மூன்றாம் குற்றம்

கலிபோர்னியாவில் 1993-ஆம் ஆண்டு, ஆட்கடத்தலுக்காகச் சிறையிருந்து மீண்ட ஒருவன் 12 வயதுச் சிறுமியைக் கடத்திக் கொன்றான். மக்கள் கொதித்தெழுந்தனர், அக்கொதிப்பை நாம் குறைகூறோம். மறு ஆண்டே, தொடர்குற்றவாளிகளை ஒடுக்கும் கடுஞ்சட்டம் பிறந்தது. அதன் வாசகத்தைச் சற்றே ஊன்றி நோக்குவோம். முதலிரு குற்றங்கள் கொடியவையாதல் வேண்டும். மூன்றாவதோ சட்டம் பெருங்குற்றமென வகுத்த எதுவாயினும் போதும். தண்டனை, 25 ஆண்டு முதல் ஆயுள்வரை சிறை!

கோல்ப் மட்டைகள் மூன்றைக் காற்சட்டைக்குள் ஒளித்துத் திருடியவனும் இதில் அகப்பட்டான். முன்னர்க் கத்தி காட்டிக் கொள்ளையிட்டவன்தான். ஆயினும் அவற்றுக்கு அவன் முன்பே தண்டனை பெற்றவனன்றோ? 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஐவர் தண்டனையை ஏற்க, நால்வர் மறுத்தனர்.

2012-இல் மக்களே வாக்களித்து, மூன்றாவதும் பெரும்பாலும் கொடியதாயிருத்தல் வேண்டுமெனத் திருத்தினர். சிறுகுற்றத்தால் ஆயுட்சிறை புகுந்தோரும் தண்டனைக் குறைப்புக்கு விண்ணப்பிக்கலாயினர்.