இறையிலியும் தர்மக் கணக்கும்

தர்மத்துக்குக் கொடுக்கும் பொருளுக்கு வரியைத் தள்ளிக் கொடுப்பது வருமான வரிச் சட்டத்தோடு வந்த புதுமை என்று எண்ணுவோர், சோழர் சாஸனங்களில் சிலவற்றையேனும் பொறுமையோடு படிப்பார்களானால், அவ்வழக்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு வேரூன்றியிருந்ததையும், தள்ளிய வரியின் பாரத்தை யார் சுமப்பது என்ற கேள்விக்கு நம் முன்னோர் நேரான விடை வைத்திருந்ததையும் காண்பார்கள்.

லெய்டன் செப்பேடுகள் என வழங்கும் சாஸனத்தையே எடுத்துக்கொள்வோம். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூளாமணிவர்ம விஹாரத்துக்கு, சைவனான முதலாம் இராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006-ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பௌத்தப் பள்ளிக்குரிய இறையிலி, அதாவது வரி நீங்கிய நிலம், ஆகிய பள்ளிச்சந்தமாக்கினான். நிலம் 97 வேலிக்குச் சற்று மேல். அரசுக்கு வந்துகொண்டிருந்த இறை என்னும் நிலவரியோ 8,943 கலத்துக்கு மேற்பட்ட நெல். தஞ்சைப் புறம்படி மாளிகையில் அரசன் வாய்மொழிந்த ஆணையைத் திருமந்திர ஓலைக்காரன் எழுத, ஓலைநாயகர்கள் ஒப்ப, புரவுவரித் திணைக்களத்தார் தம் வரிப்பொத்தகத்தில் பதிந்துகொள்ள, அதன் பின்னரே நாட்டார் பிடியானையை எல்லை சுற்றி நடத்திக் கல்லும் கள்ளியும் நாட்டினர். பொக்கிஷம் எவ்வளவு இழக்கிறது என்பதை நாழிக் கணக்கு வரை எழுதி, எழுதிய அதிகாரிகளின் பெயரையும் பொறித்து வைத்த அந்த நேர்மையை வியக்காமல் இருக்க முடியவில்லை.

அரசன் தன் இறையைத் தானே விடலாம். ஊரிலுள்ள ஒரு வணிகனோ குடியானவனோ நந்தவனத்துக்கும் அன்னசாலைக்கும் நிலம் விட விரும்பினால் என்ன செய்வது? அந்த நிலத்துக்குரிய இறையை ஊர்ச் சபை அரசனுக்குச் செலுத்தியே தீரவேண்டும். கேட்டவர்க்கெல்லாம் இறையிலி செய்து கொடுத்தால் மிச்சமுள்ள குடிகளின் தலையில் அல்லவா அது ஏறும்? ஆகவே தர்மம் செய்பவன் நிலத்தின் விலையோடு, 'இறை காவல்' என்றும் 'இறைத் திரவியம்' என்றும் சொல்லப்பட்ட ஒரு தொகையையும் சபையிடம் மூலதனமாகக் கட்டினான். சபையார் அதனைக் கைக்கொண்டு, சந்திராதித்தர் உள்ளவரை அந்நிலத்தின் இறையைத் தாங்களே இறுப்பதாகக் கோயில் சுவரில் கல்வெட்டி ஒப்புக்கொண்டார்கள். தர்மத்தின் புண்ணியம் ஒருவனுக்கும் அதன் வரிச்சுமை அயலானுக்கும் போகாதபடி செய்த இந்த ஏற்பாட்டைச் சோழர் கால ஊராட்சியின் சிறப்புகளுள் முதன்மையானதாகவே நான் கருதுகிறேன்.

இறையிலி கொடுக்கும் வழக்கம் சோழரோடு நின்றுவிடவில்லை. பின்வந்த அரசர்களும் பாளையக்காரர்களும் இனாம் எனப்பட்ட மானியங்களைத் தாராளமாக வழங்கினார்கள். அவற்றின் உரிமையை ஆராய்ந்து பட்டா கொடுக்க 1858-இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் ஏற்பட்டது.

இன்று வருமான வரிச் சட்டப்படி, குறைந்த விகித வரிமுறையைத் தேர்ந்துகொள்ளாத தனி மனிதரும் கம்பெனிகளும் அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனங்களுக்கு அளிக்கும் நன்கொடையில் பாதியையோ, சிலவற்றில் முழுவதையுமோ, சட்டம் விதிக்கும் வரம்புகளுக்கு உட்பட்டு, வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் இறைத் திரவியம் கட்டுவார் யாருமில்லை. கழிந்த வரியை ஊரார் அனைவருமே தாங்குகிறோம். ஆதலின், இச்சலுகை பெற்ற ஒவ்வொரு ஸ்தாபனமும் தன் வரவு செலவை, கேட்டவர்க்கு மட்டுமன்றி, வாசலில் நிற்கும் வழிப்போக்கனும் படிக்கும்படி எழுதி வைக்கவேண்டும். அதைக் கேட்கும் உரிமை, ஒரு காசும் நன்கொடை கொடாதவனுக்கும் உண்டு.