மாடிப்படி இல்லாத கோபுரம்

“தகுதி இருந்தால் மேலே வரட்டுமே, யார் தடுத்தார்கள்?” மயிலாப்பூரிலோ அடையாறிலோ படிக்கும் நம் மாணவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு பருவத்தைக் கடப்பதில்லை. “விளையாட்டைப் பார், அங்கே ஏது சாதி? ஜெயித்தவன் மேலே போகிறான், தோற்றவன் கீழே வருகிறான்” என்று உதாரணமும் தருவார்கள். சரி, விளையாட்டையே பார்ப்போம்.

தரமுயர்வு, தரமிறக்கம் என்பது எளிய ஏற்பாடு. கீழ் டிவிஷனில் முதலிடம் பிடித்தால் மேலே ஏறலாம். மேல் டிவிஷனில் கடைசி இடம் பிடித்தால் கீழே இறங்க வேண்டும். ஆசிய ரக்பியில் இது நடந்தது. 2010-இல் முதல் டிவிஷனை வென்ற இலங்கை, 2011-இல் ஆசியாவின் முதல் ஐந்து அணிகளோடு ஆடியது. கடைசி இடம் பெற்றதால் இறங்கியது. பிறகு மறுபடி வென்று 2014-இல் ஏறியது. ஏறியதும் இறங்கியதும் ஆட்டத்தால்தான்.

ஐரோப்பாவுக்குப் போனால் கதை வேறு. அங்கே உச்சியில் இருப்பது சிக்ஸ் நேஷன்ஸ். 1883-இல் பிரிட்டன், அயர்லாந்து அணிகள் நான்கோடு தொடங்கிய இந்தப் போட்டியில் பிறகு பிரான்ஸும், 2000-இல் இத்தாலியும் சேர்க்கப்பட்டன. அங்கிருந்து யாரும் இறக்கப்படுவதில்லை. 2015 முதல் 2022 வரை இத்தாலி அதில் தொடர்ச்சியாக 36 ஆட்டங்களில் தோற்றது. இடம் பறிபோகவில்லை. கீழ் அடுக்குப் போட்டியைப் பலமுறை வென்ற ஜார்ஜியா, 2022 ஜூலையில் இத்தாலியை 28–19 என்றும் நவம்பரில் வேல்ஸை அதன் சொந்த மண்ணான கார்டிஃபிலேயே 13–12 என்றும் வீழ்த்தியது. கதவு திறக்கவில்லை. 2026-இல் தொடங்கும் 12 அணிகளின் புதிய உலகப் போட்டிக்கும் 2030 வரை ஏற்றமில்லை, இறக்கமில்லை என்று 2023-இலேயே முடிவெடுத்துவிட்டார்கள். தோற்றாலும் போகாத இடத்துக்குப் பெயர் தகுதி அல்ல, பிறப்புரிமை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சேப்பாக்கத்தில் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளையர்களுடையது. அங்கே ஆடப் போன இந்தியர்கள் பெவிலியனுக்குள் அனுமதிக்கப்படாமல் மரத்தடியில் உட்கார வேண்டியிருந்தது என்பார்கள். மயிலாப்பூர் லஸ் ஹவுஸில் வாழ்ந்த புச்சிபாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கியதன் பின்னணி இந்த அவமானம்தான். அவரது உழைப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர் செல்வமிக்க துபாஷ் குடும்பத்தில் வளர்ந்தவர். மைதானம் அமைக்கவும் மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுக்கவும் அவரிடம் பணம் இருந்தது. மரத்தடியில் உட்கார்ந்தவர்களுக்குக் கிளப் வந்தது. மரத்தடிவரைகூட வர முடியாதவர்களுக்கு?

1930-களில் சென்னையில் லீக் போட்டிகள் தொடங்கின. இன்று பல டிவிஷன்களோடு, ஏற்றமும் இறக்கமுமாக அவை நடக்கின்றன. நல்லதுதான். ஆனால் அங்கே ஏறுவதும் இறங்குவதும் கிளப்தான். அந்தக் கிளப்புக்குள் ஒரு பையன் எப்படி நுழைகிறான்? காலணி, மட்டை, பயிற்சிக் கட்டணம், வேலைக்குப் போகாமல் வலைப்பயிற்சிக்குப் போக ஓய்வு நேரம், சொல்லிவிட ஒரு தெரிந்த ஆள். முதல் படிக்கு முன்னால் இத்தனை படிகள். அவற்றை எந்தப் புள்ளிப்பட்டியலும் காட்டாது.

உள்ளே நுழைந்துவிட்டால் போதுமா? பல்வங்கர் பாலுவைக் கேளுங்கள். தோல் தொழில் செய்யும் சமூகத்தில் பிறந்தவர். புனேயில் ஆடுகளத்தைப் பராமரித்து, ஆங்கிலேயருக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசிக் கற்றவர். அவர் பந்துவீச்சு வேண்டும் என்பதால் இந்துக்கள் அணி சேர்த்துக்கொண்டது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டவர்கள், இடைவேளையில் அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். 1906-இல் பம்பாயில் ஐரோப்பியரை வென்ற அணியில் அவர் இருந்தார். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறுக்கு மேல் விக்கெட்டுகள் எடுத்தார். கேப்டன் பதவி மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் தம்பி விட்டல் கேப்டனாக 1923 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தகுதி இருந்தது, தடுத்தார்கள்.

1920 ஜனவரி 31 அன்று வெளிவந்த ‘மூக்நாயக்’ முதல் இதழில் அண்ணல் அம்பேத்கர் இந்து சமூகத்தைப் பல மாடிக் கோபுரத்துக்கு ஒப்பிட்டார். அதில் மாடிப்படி கிடையாது. எந்த மாடியில் பிறந்தாயோ அதிலேயே சாக வேண்டும். இதில் இரண்டாவது பாதியை நாம் அதிகம் பேசுவதில்லை: கீழே இருப்பவர் எவ்வளவு திறமையாளராக இருந்தாலும் ஏற முடியாது, மேலே இருப்பவர் எவ்வளவு மோசமானவராக இருந்தாலும் இறங்க வேண்டியதில்லை.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை யாராவது தகுதி பற்றிப் பேசினால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்தப் போட்டியில் தோற்றாலும் இறங்காத அணி எது? ஆடவே அழைக்கப்படாத அணி எது? இடஒதுக்கீடு யாருடைய கோப்பையையும் பிடுங்குவதில்லை. படி இல்லாத கோபுரத்தில் அது ஒரு படியைக் கட்டுகிறது. அதைக் கண்டு கோபப்படுகிறவர்கள், தாங்கள் ஒருநாளும் ஏறி வராத மாடியில்தான் நின்றுகொண்டிருக்கிறார்கள்.