குருவில்லா நாள்களின் சமயம்: புத்தளக் கரையோரக் கத்தோலிக்கரின் அன்றாட வாழ்வும் ஆன்மிக மறுமலர்ச்சியும்

சமய வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஆலயங்களையும் அரச ஆணைகளையும் ஆயர்களையும் மையமாகக் கொண்டே எழுதுவர். கல்லிலும் ஏட்டிலும் சான்று விட்டுச் செல்பவை அவையே ஆதலின் இது இயல்பானதே. எனினும், ஆலயம் பறிபோய், குருமார் நாடு கடத்தப்பட்டு, வழிபாடே குற்றமாக அறிவிக்கப்பட்ட ஒரு காலத்தில் ஒரு சமயம் எவ்வாறு உயிர்வாழ்ந்தது என்ற வினாவுக்கு அவ்வரலாறு விடை தருவதில்லை. இலங்கையின் வடமேற்குக் கரையோரத்துக் கத்தோலிக்கரின் 17ஆம், 18ஆம் நூற்றாண்டு வாழ்வு இவ்வினாவுக்கு விடைகாண உதவும் சிறந்த களமாகும். அங்கு ஆன்மிக வழிகாட்டலும் மறுமலர்ச்சியும் அன்றாட வாழ்வின் ஒழுங்கிலேயே வேரூன்றியிருந்தன என்பதை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புத்தளத்திற்கு வடக்கே, வில்பத்துக் காட்டின் தென்விளிம்பில், கலா ஓயாவை அண்டி அமைந்துள்ள சிற்றூர் எலுவன்குளம். புத்தளத்தையும் மன்னாரையும் இணைக்கும் கரையோர வழி இவ்வூரினூடாகவே வடக்கு நோக்கிச் செல்கின்றது. இதற்கு அப்பாலுள்ள பொம்பரிப்பில் கண்டெடுக்கப்பட்ட ஈமத்தாழிகள் இப்பகுதியின் குடியிருப்புத் தொன்மையைக் காட்டுவன. மேற்கே புத்தளக் களப்பும் அதற்கப்பால் கற்பிட்டித் தீபகற்பமும் உள்ளன. காடும் களப்பும் கடலும் கூடுமிடத்தில் அமைந்த இப்பிரதேசம், மீனவரும் உப்பு விளைப்போரும் வணிகரும் யாத்திரிகரும் கடந்து சென்ற நிலமாகும். இத்தகைய நிலத்தில் நிலையான ஆலயத்தைக் காட்டிலும், மனிதரோடு கூடவே நடக்கும் சமயத்திற்கே வாழ்வு உண்டு.

போர்த்துக்கேயர் காலத்துக் கத்தோலிக்கம் அரசின் நிழலில் வளர்ந்தது. கோட்டை, ஆலயம், குருமனை என்பன ஒன்றையொன்று சார்ந்து நின்றன. 1658ஆம் ஆண்டில் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமானதும் அந்நிழல் மறைந்தது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரணதண்டனை விதிக்கும் ஆணை அவ்வாண்டிலேயே பிறப்பிக்கப்பட்டது. ஆலயங்கள் பல சீர்திருத்தத் திருச்சபையின் பள்ளிகளாகவும் செபக்கூடங்களாகவும் மாற்றப்பட்டன. பள்ளியாசிரியரே ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றைத் தோம்பிற் பதிந்தார். அரசாங்கப் பதவிகளை வேண்டியோர் சீர்திருத்தத் திருச்சபையைச் சாரவேண்டியிருந்தது. ஒல்லாந்தரின் சமயக்கொள்கையும் அன்றாட வாழ்வையே பற்றிக்கொள்ள முயன்றது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஆனால் அது பதிவேட்டின் வழியாகவும் தண்டனையின் வழியாகவும் அம்முயற்சியை மேற்கொண்டது.

இதன் பின்னர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இலங்கைக் கரையோரக் கத்தோலிக்கருக்குக் குரு என ஒருவர் இருந்தது அரிது. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. எஞ்சியவை வீட்டுச் செபங்களும் செபமாலையும் ஆகும். கத்தோலிக்க மரபில், குரு இல்லாத அவசர வேளையிற் பொதுநிலையினரே ஞானஸ்நானம் வழங்கலாம் என்ற விதி இக்காலத்திற் பெரும்பயன் விளைத்திருக்க வேண்டும். காலை, நண்பகல், மாலை என்னும் மூவேளைகளிலும் சொல்லப்படும் திரிகால செபத்திற்கு மணிக்கூண்டு தேவையில்லை; செபமாலைக்குப் பீடம் தேவையில்லை. ஆவணங்கள் இவ்வீடுகளினுள் நுழைவதில்லை. பிள்ளைக்குச் செபம் கற்பித்த தாய்மாரின் பெயர்கள் எங்கும் பதியப்படவில்லை. எனினும் 1687இல் ஒரு குரு வந்து தேடியபோது கண்டுகொள்வதற்கு ஒரு சமூகம் எஞ்சியிருந்தது என்பதே அவர்தம் பணிக்குச் சான்றாகும்.

அவ்வாறு தேடிவந்தவர் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் (1651-1711). கோவாவில் அப்போதுதான் உருவாகியிருந்த ஒறற்றோரியன் குழுவில் 1685இற் சேர்ந்து அதன் தலைவராக விளங்கியவர் அவர். 16ஆம் நூற்றாண்டில் உரோமையில் புனித பிலிப்பு நேரியார் தொடங்கிய ஒறற்றோரிய மரபு, கடுந்துறவு வார்த்தைப்பாடுகளைக் காட்டிலும் நாளாந்தச் செபத்திற்கும் ஆன்மிக நூல் வாசிப்பிற்கும் எளிய உரையாடலுக்கும் முதன்மை அளித்தது. கோவாவிலே சுதேசக் குருமாரைக் கொண்டு அமைந்த இக்குழு, இம்மரபையே தன் முன்மாதிரியாகக் கொண்டது. இலங்கைக் கத்தோலிக்கர் குருவின்றித் தவிப்பதை அறிந்த வாஸ் அடிகளார், தலைமைப் பொறுப்பைத் துறந்து, கூலியாள் வேடத்தில் 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கடற்பயணத்தின் கொடுமையால் வயிற்றுளைவு நோயுற்றுக் கிடந்த அவருக்கு ஒரு பெண்மணி கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினார் என்பது மரபு. பின்னர், கழுத்திற் செபமாலையை அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்று, அதனைக் கண்டு முகம் மாறுவோர் யாவரென நோக்கியே அவர் மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை இனங்கண்டார் என அவருடைய வரலாறுகள் கூறும். ஒரு திருச்சபையின் மறுமலர்ச்சி வீட்டு வாயிற்படியில் தொடங்கியது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

சில்லாலையைத் தளமாகக் கொண்டு இரவுகளிற் பணியாற்றிய அடிகளாரை ஒல்லாந்தர் தேடலாயினர். 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின்போது யாழ்ப்பாணத்திற் கூடியிருந்த கத்தோலிக்கர் பலர் கைதுசெய்யப்பட்டனர். இதன் பின்னர் அடிகளார் 1690இற் புத்தளத்திற்குப் பெயர்ந்தார். இப்பெயர்ச்சியின் பொருளை உணர அக்கால எல்லைகளை அறிதல் வேண்டும். களப்பின் மேற்கே கற்பிட்டி ஒல்லாந்தரின் கோட்டைக்குட்பட்டிருந்தது. கிழக்கே புத்தளம் கண்டி மன்னரின் ஆட்சிக்குரிய துறையாக இருந்தது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின்னரே கரையோரம் முழுவதும் ஒல்லாந்தருக்கு உரித்தாயிற்று. எனவே, ஒரு கரையில் மரணதண்டனைக்குரிய செயல் மறுகரையில் வெளிப்படையாகச் செய்யத்தக்கதாயிருந்தது. ஒரே இனத்தவரும் ஒரே தொழிலினரும் இரு கரைகளிலும் வாழ்ந்தமையால், ஆணைகளால் இக்களப்பை முற்றாக அடைத்துவிட இயலவில்லை.

புத்தளத்தில் வெளிப்படையாகப் பணியாற்றும் வாய்ப்பைப் பெற்ற அடிகளார் 1692இற் கண்டிக்குப் புறப்பட்டார். அங்கு போர்த்துக்கேய ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறையுண்டார். 1696இற் பிற ஒறற்றோரியர் வந்து சேரும்வரை நாடு முழுமைக்கும் அவர் ஒருவரே குருவாக இருந்தார். ஓரூரில் நிலைத்துத் தங்க இயலாத நிலையே அவருடைய அமைப்புமுறையை உருவாக்கியது எனலாம். ஊர்தோறும் பொறுப்புடைய பொதுநிலையினரை அவர் நியமித்தார். சமூகத்தை ஒன்றுகூட்டி நடத்துபவர் மூப்பர் எனப்பட்டார். செபமும் ஞானோபதேசமும் கற்பிப்பவர் அண்ணாவியார் எனப்பட்டார். குரு வருவது ஆண்டில் ஒருமுறையோ இருமுறையோ நிகழ்வது. ஏனைய நாள்களுக்கெல்லாம் இவர்களே வழிகாட்டிகள். ஞாயிறு கூட்டுச் செபம், பிள்ளைகளுக்கான போதனை, நோயாளரைச் சந்தித்தல், இறந்தோரை அடக்கஞ் செய்தல் ஆகியன ஊராரின் கைகளிலேயே தங்கின. அண்ணாவியார் என்னும் சொல் பள்ளியாசிரியரையும் கூத்துப் பழக்குபவரையும் ஒருங்கே குறிப்பதை நோக்குமிடத்து, சமயபோதனை ஊரின் ஏனைய கல்வியினின்று பிரிந்து நிற்கவில்லை என்பது புலனாகும்.

வாஸ் அடிகளாரின் வழிகாட்டல் சொல்லளவில் நின்றதன்று. 1697இற் கண்டியில் அம்மைநோய் பரவியபோது, மக்கள் நோயுற்றோரைக் கைவிட்டுக் காடுகளுக்கு ஓடினர். அடிகளாரும் அவருடைய மருமகரான யோசேப் கர்வாலியோ அடிகளாரும் வீடுவீடாகச் சென்று நோயாளரைக் கழுவினர்; உணவூட்டினர்; இறந்தோரைப் புதைத்தனர். இதில் அவர்கள் சமய வேறுபாடு கருதவில்லை. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் இப்பணியைப் பெரிதும் மதித்தான். பௌத்தத்தைப் பேணிய மன்னனொருவன் கத்தோலிக்கக் குருவுக்குத் தன் நாட்டில் உரிமை வழங்கியமைக்கு அரசியற் காரணங்களும் உண்டு. ஒல்லாந்தருடன் இருந்த பகைமை அவற்றுள் முதன்மையானது. ஆயினும் அவ்வுரிமையை மக்களின் நன்மதிப்பாக மாற்றியது நோயாளியின் பாயருகே செய்த பணியே.

குருவில்லா நாள்களுக்கு வேண்டிய மற்றொரு துணை நூலாகும். 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676-1742), தமிழ் மக்களாற் சாங்கோபாங்க சுவாமி எனப் போற்றப்பட்டவர். தமிழையும் சிங்களத்தையும் ஆழ்ந்து கற்று இரு மொழிகளிலும் நூல்கள் இயற்றினார். தமிழில் அவர் எழுதிய 'தேவ அற்புத வரலாறு', 'கிறிஸ்தியானி ஆலயம்', 'வியாகுலப் பிரசங்கம்' முதலியன குறிப்பிடத்தக்கவை. ஒல்லாந்தர் கொழும்பில் அச்சகம் நிறுவி 1737இல் முதற் சிங்கள நூலை வெளியிட்டனர். கொன்சால்வெஸ் அடிகளாரிடம் அச்சகம் இல்லை. ஓலையும் எழுத்தாணியும் படியெடுப்போருமே இருந்தனர். ஆனால் அவருடைய நூல்கள் தனித்திருந்து படிப்பதற்கென எழுதப்பட்டவையல்ல. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதற்குரியவை. எழுத்தறியாதாரும் அவற்றைச் செவிவழி பெற்று நெஞ்சிற் பதித்தனர். கிறிஸ்துவின் பாடுகளை உருக்கமாக விரிக்கும் 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்திற் புலம்பல் இசையில் ஓதப்படும் வழக்கம் இன்றும் நிலவுகின்றது. அந்நூலின் நிலைபேற்றுக்கு அச்சு காரணமன்று. ஆண்டுதோறும் அதனைத் தம் குரலால் உயிர்ப்பித்த ஊரவரே காரணம்.

இவ்வமைப்பின் வலிமை இருமுறை சோதிக்கப்பட்டது. கண்டியில் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் காலத்தில் (1739-1747) குருமார் வெளியேற்றப்பட்டனர். மறைவிடமாக அமைந்த நாடே மூடப்பட்டது. அப்போதும் சமூகம் கலையவில்லை. இரண்டாவது சோதனை விடுதலையின் வடிவில் வந்தது. 1796இற் கரையோரம் பிரித்தானியர் வசமாயிற்று. 1806இல் தேசாதிபதி மெயிற்லன்ட் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கினார். தண்டனையும் பதவியும் விலகிய அந்நிலையில், தோம்புகளிற் சீர்திருத்தத் திருச்சபையினராகப் பதியப்பட்டிருந்த உள்நாட்டவரின் தொகை விரைவாகக் குன்றியது. கத்தோலிக்கரோ வெளிப்படையாகத் திரண்டனர். 1834இல் இலங்கை தனியொரு அப்போஸ்தலிக்க விக்காரியத்தாக அமைக்கப்பட்டபோது, அதற்கு அடித்தளமாக ஏற்கெனவே ஊர்ச் சமூகங்கள் இருந்தன. இரு திருச்சபைகளும் அன்றாட வாழ்வை நாடின. ஒன்று அதனைக் கண்காணித்தது. மற்றையது அதனுள்ளே குடிபுகுந்தது. விளைவு வேறுபட்டமைக்கு இதுவே காரணமாகத் தோன்றுகின்றது.

பிற நாட்டு வரலாறும் இதற்கு ஒளி தருகின்றது. ஜப்பானிற் கிறித்தவம் தடைசெய்யப்பட்டுக் குருமார் அற்றுப்போன பின்னர், இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஊர்ப் பெரியோரும் ஞானஸ்நானம் வழங்குவோரும் செபங்களைக் காத்தனர். 1865இல் நாகசாகியில் அவர்கள் வெளிப்பட்டபோது உலகம் வியந்தது. அங்கும் இங்கும் சமயத்தைக் காத்தது நாளாந்த ஒழுங்கும் பகிர்ந்தளிக்கப்பட்ட பொறுப்புமே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஜப்பானியரின் தனிமை மிக நீண்டதாகலின் செபச் சொற்கள் பல பொருளிழந்து ஒலியாக மட்டும் எஞ்சின. இலங்கையிலோ ஒறற்றோரியரின் இடையறா வருகையும் மக்கள் மொழியிலமைந்த நூல்களும் அக்குறையைத் தவிர்த்தன. பழக்கம் சமயத்தைக் காக்கும். விளக்கமே அதனைப் புதுப்பிக்கும் என்னும் உண்மை இவ்வொப்பீட்டாற் பெறப்படும்.

இக்கரையோரத்தின் பழைய முறை முற்றாக மறைந்துவிடவில்லை. பருவக்காற்றுக்கேற்பக் கரைமாறும் மீனவர் தாம் அமைக்கும் வாடிகளிற் சிறு செபக்கூடத்தையும் அமைத்துக்கொள்வர். குரு வராத நாள்களில் அங்குச் செபமாலை சொல்வதற்குத் தடையில்லை. தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் பல இன, பல மொழி மக்கள் திரள்வர். வில்பத்துக் காட்டினுள் அமைந்த பள்ளக்கண்டல் புனித அந்தோனியார் ஆலயத்திற்குச் செல்வோர் எலுவன்குளத்தைக் கடந்தே செல்வர். போர்க்காலத்தில் நெடுநாள் மூடுண்ட அக்காட்டுவழி, போரின் பின்னர் மீண்டும் யாத்திரிகரின் காலடிகளைக் கண்டது.

யோசேப் வாஸ் அடிகளார் 1995இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 சனவரி 14ஆந் திகதி கொழும்பு காலிமுகத்திடலிற் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். அப்பெருமை அவருக்கு முற்றும் உரியதே. ஆயினும், அவர் செபமாலையுடன் வாயிலில் நின்றபோது உள்ளிருந்து அதனை அடையாளங்கண்டவர்களையும் வரலாறு மறத்தலாகாது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் திருத்தொண்டைத் தனியொரு சங்க ஏட்டில் வலியுறுத்தியது. அதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே, புத்தளக் களப்பின் கரையில் மூப்பரும் அண்ணாவியாரும் பெயரறியாத் தாய்மாரும் அத்தொண்டை வேறு வழியின்றி மேற்கொண்டு, நிறைவாகவே ஆற்றியிருந்தனர்.